ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ஹெட்போன்



சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுது. பெரியதாழைக் கரையில் படகுகளை ஏற்றிவிட்டு, வலைகளை உதறிக் காயப்போட்டு ஆண்கள் வீடு திரும்பும் வேளை. பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனை முன்னே நடக்கவிட்டு நம் இல்லத்திற்கு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளை. விடுமுறை நாள்களில் மீன்கூடை சுமந்தும் வலை பழுது பார்த்தும் அவன் சேர்த்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தாயின் முந்தானை முடிச்சில் இருந்தது.

"சாமி, பாட்டு கேக்கவும் கேம் விளையாடவும் ஹெட்போன் வேணுமாம். காசு அவன் சம்பாதிச்சதுதான். ஆனா போன தடவ வாங்குனது நாப்பது நாள் கூடத் தாங்கல. எத வாங்கணும்னு நீங்க சொல்லுங்க, நான் குடுத்துர்றேன்" என்றார் தாய். பிள்ளையோ தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். நீலமும் சிவப்புமாய் விளக்கெரியும் கம்பியில்லா ஹெட்போன். விலை ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

குருமடத்தில் நமக்கு இலத்தீனும் மெய்யியலும் கற்பித்தனர். ஹெட்போன் வாங்கும் வகையை எவரும் கற்பிக்கவில்லை. எனினும் இவ்விஷயத்தில் நாம் ஒருமுறை நன்றாக ஏமாந்ததுண்டு. முன்னர் நாம் பணியாற்றிய ஓர் ஊரில், பாடகர் குழுவில் கீபோர்டு பழகிய இளைஞன் இரவில் அயலாரின் உறக்கத்தைக் கெடுக்காதிருக்கட்டும் என்றெண்ணி, நகரத்துக் கடையொன்றில் இதே போன்ற கம்பியில்லா ஹெட்போனையும், அதைக் கீபோர்டுடன் இணைக்கும் சிறு கருவியையும் வாங்கி வந்தோம். அவன் கட்டையை அழுத்துவான். ஓசையோ சற்றுப் பிந்தி வரும். "சாமி, கை முன்னால போகுது, பாட்டு பின்னால வருது" என்று அவன் கூறியது இன்றும் நினைவில் நிற்கின்றது. திருப்பிக் கொடுக்கச் சென்றோம். பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று கடைக்காரர் மறுத்துவிட்டார்.

அவன் அன்று கண்ட அந்தத் தாமதந்தான் விளையாடும் பிள்ளைகளுக்கும் பகை. ப்ளூடூத் வழியே செல்லும் ஒலி முதலில் சுருக்கிக் கட்டப்படுகின்றது. பின்பு காற்றில் அனுப்பப்படுகின்றது. காதுக்கருவி அதை மீண்டும் விரித்தெடுக்கின்றது. மலிவான கருவிகளில் இவ்வளவும் நடந்து முடிய ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆகிவிடுவது சாதாரணம். பாட்டுக் கேட்பவருக்கு இதனால் நட்டமில்லை. முழுப் பாட்டும் ஒன்றாகப் பிந்துவதால் எவரும் அறியார். துப்பாக்கி விளையாட்டிலோ எதிராளியின் காலடி ஓசை, அவன் அறைக்குள் நுழைந்த பிறகு வந்து சேரும். 'கேம் மோட்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இத்தாமதத்தைக் குறைக்கும் ஏற்பாடே. குறைக்கும் என்பது மெய், அடியோடு நீக்காது. கம்பி வழியே வரும் ஒலிக்கோ இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை. நண்பர்கள் சேர்ந்து விளையாடும்போது ஒருவரோடொருவர் பேச ஒலிவாங்கியைத் திறப்பர். பழைய முறை ப்ளூடூத்தில் ஒலிவாங்கி திறந்த மாத்திரத்தில் கருவி தொலைபேசி நிலைக்கு மாறிவிடும். வலம் இடம் என்ற பிரிவு மறைந்து, ஒலி தட்டையாகி, பழைய டிரங்கால் குரல்போல் ஆகிவிடும். எத்திசையிலிருந்து ஓசை வருகின்றது என்று அறியவேண்டிய வேளையில் திசையே இல்லாமற் போகும். புதிய முறை ப்ளூடூத்தில் இதற்குத் தீர்வு வந்துள்ளது. அது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கருவியிலும், நம் பிள்ளையின் பழைய கைப்பேசியிலும் ஒருசேர இருக்குமென்று எதிர்பார்ப்பது வீண்.

"அப்ப விளக்கு எரியிறது வேண்டாமா சாமி?" என்றான் பிள்ளை. அவனிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினோம். கம்பியில்லாக் கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு பேட்டரிக்கு. ஒரு பங்கு ப்ளூடூத் சில்லுக்கு. ஒரு பங்கு மின்னேற்றும் அமைப்புக்கு. விளக்குக்கு ஒரு பங்கு. விளம்பரத்தில் நிற்கும் நடிகருக்கும் கிரிக்கெட் வீரருக்கும் ஒரு பங்கு. எஞ்சியது எதுவோ அதுதான் ஒலி எழுப்பும் உறுப்புக்கு. கம்பியுள்ள கருவியிலோ அவ்வுறுப்பையும் கம்பியையும் தவிர வேறெதற்கும் அதிகம் கொடுக்கவேண்டியதில்லை. மேலும் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்தால் மலிவுக் கருவியில் மாற்ற வழியின்றி முழுவதையும் எறியவேண்டியதே. பணம் மிகுந்தவர் எதை வேண்டுமானாலும் வாங்கட்டும். கூடை சுமந்த காசுக்குக் கம்பிதான் ஏற்றது என்பது நம் துணிபு.

கம்பி வைத்த ஹெட்போன் பழங்காலத்துச் சரக்கு என்று இளைஞர் எண்ணுகின்றனர். பழமைதான். 1910 அளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். இசை கேட்பதற்கென்றே இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஹெட்போனை 1958இல் ஜான் கோஸ் வெளியிட்டார். 1979 ஜூலையில் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தது. அந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்று அதைச் செய்தவர்களே தயங்கினார்களாம்! வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில் அது நம் கரையோர ஊர்களுக்கும் வந்து சேர்ந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இனிப் பெட்டியின் மேலுள்ள எழுத்துகளைப் பார்ப்போம். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும். மனிதக் காதின் எல்லை அது. கருவியின் தரத்தை அது காட்டாது. '50 மில்லிமீட்டர்' என்ற அளவும் அத்தகையதே. வாய் பெரிதாயிருப்பதால் பாட்டு நன்றாயிருக்கும் என்பதில்லை. '7.1 சரவுண்ட்' என்ற சொல்லைக் கண்டு மயங்கவேண்டா. நம் தலையில் இருப்பவை இரண்டே காதுகள். வலப்புறத்து ஓசை வலக்காதை அடைந்தபின் இடக்காதை அடைவதற்குள் செல்லும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அந்நுண்ணிய வேறுபாட்டையும், இரு காதிலும் விழும் ஒலியின் ஏற்றத் தாழ்வையும் கொண்டே மூளை திசையை அறிகின்றது. அவ்வேறுபாட்டை விளையாட்டுச் செயலியே உண்டாக்கித் தருகின்றது. வலம் இடம் பிசகாது ஒலிக்கும் சாதாரண ஹெட்போன் அதற்குப் போதும்.

பார்க்கவேண்டியவை வேறு. 'ஓம்' என்னும் மின்தடை அளவு 16 அல்லது 32 என்றிருந்தால் கைப்பேசியின் சிறு ஆற்றலே போதும். 250 என்றிருந்தால் தனிப் பெருக்கி வேண்டும். செருகுமுனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் ஒலிவாங்கியும் அதே கம்பியில் வேலை செய்யும். இரண்டே வளையமெனில் கேட்கமட்டுந்தான். கைப்பேசியில் வட்டத் துளை இல்லையெனில் மின்னேற்றும் துளையில் பொருந்தும் சிறு இணைப்பான் வாங்கவேண்டும்; அதிலும் ஒலிமாற்றுச் சில்லு உள்ளதையே கேட்டு வாங்குக. சில்லில்லாதது சில கைப்பேசிகளில் பேசும், சிலவற்றில் ஊமையாகிவிடும்.

"பெயரச் சொல்லுங்க சாமி" என்று பிள்ளை விடவில்லை. தலைமேல் அணிவதில் சோனியின் இசட்எக்ஸ் 110 ஏபி, காதினுள் செருகுவதில் ஜேபிஎல்லின் சி100எஸ்ஐ போன்றவை எளிய விலையில் நெடுநாளாய் விற்பவை. இசையில் நாட்டமுள்ள இளைஞர்கள் மூன்டிராப், கேஸெட் முதலிய சீன நிறுவனங்களின் கம்பிக் கருவிகளை விரும்புகின்றனர். அவற்றில் கம்பியைக் கழற்றி மாற்றத்தக்கவையும் உண்டு. மீனவன் மகனுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கயிறு அறுவது நடுவிலா? உரசுகின்ற இடத்தில், முடிச்சின் வாயில் அன்றோ? ஹெட்போன் கம்பியும் செருகுமுனையின் கழுத்திலேதான் அறும். முன்னது நாற்பது நாளில் போனதும் அவ்விடத்தில்தான். கம்பிமட்டும் மாற்றக்கூடியதானால் கருவி பிழைத்துக்கொள்ளும்.

நம் கரைக்கென்று ஒரு குறிப்பு. உப்புக்காற்றும் வியர்வையும் செயற்கைத் தோல் மெத்தைகளைச் செதில் செதிலாய் உரித்துவிடும். துணி மெத்தை நீடிக்கும். செருகுமுனையை வாரத்திற்கொருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் பச்சை பிடிக்காது, கரகரப்பும் வராது.

எல்லாவற்றிலும் பெரியது, காதில் சரியாகப் பொருந்துவது. காதினுள் செருகும் வகையுடன் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று ரப்பர் முனைகள் தருவார்கள். பெரும்பாலோர் கருவியில் மாட்டி வந்ததை அப்படியே செருகிக்கொண்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு எறிந்துவிடுகின்றனர். முனை தளர்ந்திருந்தால் அடித்தாளம் வெளியே கசிந்துபோகும். மின்விசிறியின் இரைச்சலும் தெருச்சத்தமும் உள்ளே வரும். உடனே ஒலியைக் கூட்டுவார்கள். காது கெடத் தொடங்குவது அங்கேதான்.

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கரைக்குக் காதின் அருமை புதிதன்று. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாய்க் கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்கியவர்களின் செவிப்பறைகள் பட்ட பாடு சொல்லத் தரமன்று. பத்து மீட்டர் ஆழத்திலேயே உடல்மேல் அழுத்தம் இருமடங்காகிவிடுகின்றது. அவர்கள் அரிசிக்காகக் காதைக் கொடுத்தனர்.

பறை கிழிந்தால் சில வேளை ஆறும். உட்காதினுள் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு இது: 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம் மட்டுமே. பத்துத்தான் கூடியது, நேரமோ பத்தில் ஒன்றாயிற்று. குழந்தைகளுக்கு 75 டெசிபலே எல்லை. கைப்பேசியின் ஒலியளவை அறுபது விழுக்காட்டிற்கு மேல் ஏற்றாதிருப்பது எளிய வழி. கழற்றிய பிறகு காதில் 'ங்ங்' என்ற ரீங்காரம் இருந்தால் அன்றைய கேட்பு மிகையாயிற்று என்று கொள்க.

விளையாட்டைப் பற்றித் தாய்க்கு வேறோர் அச்சமும் இருந்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பிள்ளை ஆடுவது அவ்வகையன்று என்பதை அவன் கைப்பேசியிலேயே பார்த்துத் தெளிந்தோம். இரவு பத்து மணிக்குமேல் கூடாது என்று தாய் தாமே விதித்துக்கொண்டார். அதில் நாம் தலையிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை திசையன்விளை சென்று, கம்பி கழலும் வகையொன்றை ஒலிவாங்கியோடு வாங்கினர். இணைப்பானும் சேர்த்து விலை கைக்காசுக்குள் அடங்கி, இருநூறு ரூபாய் மிச்சம். அன்று மாலை நம்மிடம் காட்ட வந்தபோது தந்தையும் உடன் வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளாய் வள்ளத்தின் பின்புறம் அமர்ந்து, இடக்கையால் எஞ்சின் பிடியைப் பற்றிக் கடலோடுபவர். அருகே நிற்பவருக்குக் கேட்கவும் கத்தவேண்டிய இரைச்சல் அது.

"நானும் கேக்குறேன்" என்று அவர் ஆசையாய் வாங்கிச் செருகிக்கொண்டார். சற்று நேரத்தில் முகம் சுளித்தார். "இடப்பக்கம் ஓடலையே. ஏமாத்திட்டானுவ" என்றார். தாய்க்குக் கோபம் மூண்டது, பெட்டியைத் தேடினார். இம்முறை திருப்பிக் கொடுக்க நாமே வருகின்றோம் என்று நாமும் எழுந்தோம். பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்ததல்லவா!

பிள்ளைதான், "இருங்கப்பா" என்று தடுத்தான். இரண்டையும் கழற்றி, துடைத்து, வலத்தை இடத்திலும் இடத்தை வலத்திலும் மாற்றிச் செருகினான். தந்தை மறுபடியும் கேட்டார். வலக்காதில் பாட்டு வந்தது. இடக்காதில் வரவில்லை.

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. எத்தனை நாளாய் இப்படி என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆண்பிள்ளைத் திமிர் என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்ததாகத் தாய் சொன்னார்.

வரும் வியாழனன்று தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்கின்றனர். மிச்சமிருந்த இருநூறு ரூபாயைப் பேருந்துச் செலவுக்கென்று பிள்ளை தாயிடமே கொடுத்திருக்கின்றான். எஞ்சின் பக்கம் அமர்வோர்க்கு இரைச்சல் தடுக்கும் காதடைப்பான்கள் மலிவாகவே கிடைக்கின்றன. நூறு இணை வாங்கிவர ஆள் அனுப்பியுள்ளோம். வேண்டுவோர் ஞாயிறு காலை நம் இல்லத்தில் பெற்றுக்கொள்ளலாம்.