கொல்லைப்புறமும் விதை வெங்காயமும்

இராமநாதபுரம் ஜில்லாவின் முண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அம்மிளகாயோடு குழம்புச் சட்டியில் சேரவேண்டிய சின்ன வெங்காயத்துக்கோ பல வீடுகள் வெளியூர்ச் சரக்கையே எதிர்பார்த்திருக்கின்றன. மீன் குழம்பும் பழைய சோறும் வழக்கமாக உள்ள கடற்கரைக் கிராமங்களில் இது அற்பச் செலவன்று. 2019 டிசம்பரில் வெங்காய விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது யாவருக்கும் நினைவிருக்கும்.

சின்ன வெங்காயம் ஒரு குமிழ் பல குமிழாகப் பிரிந்து பெருகுவது. பெரும்பாலும் குமிழே விதை. ஏக்கருக்குச் சுமார் 400 முதல் 600 கிலோ வரை விதை வேண்டும். ஆகவே சந்தை விலை ஏறும்போது விதை விலையும் ஏறிவிடுகிறது. விதையைக் கைவிட்டவன், விளைவிக்க விரும்பும் காலத்திலேயே வியாபாரியின் விலைக்குக் கட்டுப்படுகிறான்.

மாசியில் எடுத்த வெங்காயம் நன்கு உலர்த்திக் காற்றோட்டமாக வைத்தாலும் நான்கைந்து மாதமே தாங்கும். மார்கழி நடவு வரை நில்லாது. இவ்விடைவெளியை நிரப்ப வல்லது கொல்லைப்புறமே. ஆடியில் ஒரு சிறு பாத்தி நட்டால் 65 முதல் 70 நாளில் புரட்டாசிக் கடைசியில் புதுக் குமிழ் கிடைக்கும். அது இரண்டு மாதம் உறங்கி, பெருமழை ஓய்ந்த மார்கழியில் முளைக்கத் தயாராகும். இவ்வாறு ஆண்டுக்கு இருமுறை நடும் வீட்டில் விதை அற்றுப்போவதில்லை.

கிணற்று நீர் உப்பாயிற்றே என்பர். அது மெய்யே. வெங்காயம் உப்பைச் சிறிதும் பொறாத பயிர். ஆதலின் வயல் முழுவதும் இதை வைக்கச் சொல்வது தகாது. ஆனால் கால் சென்ட் பாத்திக்கு ஊருணி நீரும், அரிசி கழுவிய நீரும், சேமித்த மழை நீருமே போதியவை. சோப்பு கலந்த நீர் கூடாது. ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ விதை இதற்குப் போதும். ஐந்து மடங்கு விளைவை எதிர்பார்ப்பது மிகையன்று.

மணலோடு மட்கிய எருவைக் கலந்து, ஒன்றரை அடிக்கு ஒரு மேடு அமைத்து, இரு பக்கமும் நான்கு அங்குலத்துக்கு ஒரு குமிழ் நடுக. நீர் தேங்கினால் குமிழ் அழுகும். குழம்புக்குத் தாள் கிள்ளுவதற்கு ஓர் ஓரத்தை ஒதுக்குக. விதைக்கு விட்ட வரிசையில் தாளைத் தொடலாகாது, தாளே குமிழைப் பருக்கச் செய்வது. திருகல் நோய் கண்ட செடியின் குமிழை விதைக்கு எடுக்கலாகாது. நல்லவற்றை நிழலில் உலர்த்தித் தாளோடு முடிந்து கூரையடியில் தொங்கவிடுக.

விலை வீழ்ந்த ஆண்டில் இவ்வுழைப்பு வீண் எனத் தோன்றலாம். ஆயினும் விலை வீழ்ந்த ஆண்டில் காத்த விதையே விலை ஏறிய ஆண்டில் உதவுவது. கிராம அதிகாரிகளும் ஊர்ப் பெரியோரும் தம் கொல்லையில் ஒரு பாத்தி வைத்து, அண்டை வீட்டார்க்கு ஒரு முடி விதை கொடுத்து உதவுவாராயின், ஊரில் விதை நிலைக்கும். நெல் விதையைக் கோட்டை கட்டிக் காத்த குடிகளுக்கு இது புதிய வழக்கமன்று.