ஒரு பல் பிசகினால்

வீட்டுக்குப் பயன்படும் இயந்திரங்களைப் பற்றியே இப்பகுதியில் நாம் எழுதி வருகிறோம். இத்திங்கள் காரைப் பற்றி எழுத நேர்ந்தது. அதுவும் சாதாரணக் காரன்று. டர்போ பொருத்திய கார். அதன் எஞ்சினை ஆளும் தொழிற்சாலைக் கணினியைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய வேறொரு கணினியைப் பொருத்தும் செய்தி. ‘இது நம் வீட்டுக்கு எதற்கு?’ என்று முகஞ்சுளிக்கும் பெற்றோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் இரவில் கண்விழித்துப் படிப்பது இதைத்தான். அதைப் பற்றி ஒன்றும் அறியாமல் ‘வேண்டாம்’ என்று சொல்வதைவிட, அறிந்து சொல்வது நன்றல்லவா?

புனே நகரை அடுத்த பிம்ப்ரியில் நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஓர் இல்லம் உண்டு. குடும்பத் தலைவர் 1978-இல் கோவைப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். முப்பது வயதை எட்டாத மகன் ஹிஞ்சவாடியில் மென்பொருள் பொறியாளன். அவன் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, அதற்குப் புதிய கணினியைத் தானே பொருத்தினான். மூன்றாம் வாரத்திலேயே எஞ்சின் போயிற்று. ஐந்து மாதச் சேமிப்பும் போயிற்று. அதன்பின் தந்தையும் மகனும் ஒரே மேசையில் உண்டும் பேசாதிருந்தனர். அது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பதைச் சொல்லுமுன், இக்கணினி செய்யும் வேலையை அறிந்துகொள்வது நலம்.

பெட்ரோல் எஞ்சினுக்கு இரண்டு கணக்குகள் முக்கியம். உள்ளே வந்த காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் தருவது என்பது ஒன்று. தீப்பொறியை எப்போது தட்டுவது என்பது மற்றொன்று. அம்பாசடர், பத்மினி கார்களின் காலத்தில் முதற்கணக்கைக் கார்புரேட்டரும் இரண்டாவதை டிஸ்ட்ரிபியூட்டரும் பார்த்துவந்தன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. 1979-இல் இரண்டு கணக்குகளையும் ஒரே கணினியில் சேர்த்து, பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் வைத்தது. நம் நாட்டில், டில்லித் தலைநகர்ப் பகுதியில் புகைக்கட்டுப்பாட்டை விரைவுபடுத்துமாறு 1999-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகு, கார்புரேட்டர்க் கார்கள் விரைவாக மறையத் தொடங்கின.

இக்கணினியை எஞ்சினின் கணக்குப்பிள்ளை எனலாம். அதன் கையில் ஒரு பேரேடு இருக்கிறது. குறுக்கே எஞ்சினின் சுழற்சி வேகம். நெடுக்கே உறிஞ்சுகுழாயின் காற்றழுத்தம். பதினாறுக்குப் பதினாறு என்று வைத்தால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெட்ரோலுக்குரிய எண் ஒன்று. தீப்பொறிக்கு இன்னொரு பேரேடு. இவற்றைத் தொழிற்சாலைக்காரர்கள் வெயிலிலும் குளிரிலும் மலையிலும் பல மாதங்கள் ஓட்டிப் பார்த்து நிரப்புகிறார்கள். வெளியில் வாங்கும் கணினியில் பேரேடு உண்டு; ஆனால் நம் எஞ்சினுக்குரிய எண்கள் இல்லை. அவற்றை எழுதும் பொறுப்பு வாங்கியவனைச் சேர்கிறது.

டர்போ இல்லாத எஞ்சினில் எண் சற்றுப் பிழைத்தால் வண்டி இருமும், புகையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். டர்போ உள்ள எஞ்சினில் அவ்வளவோடு நிற்பதில்லை. வீணாகப் போகும் சைலன்சர்ப் புகையைக் கொண்டு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவது டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு சேர்த்தால், ஏறக்குறைய இருமடங்கு காற்று உள்ளே போகிறது. பெட்ரோலும் இருமடங்கு வேண்டும். அழுத்தப்பட்ட காற்று சூடேறுகிறது. தீப்பொறி உரிய நேரத்துக்கு முந்தினாலோ பெட்ரோல் குறைந்தாலோ, சுடர் வந்து சேருமுன்பே சிலிண்டரின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை தானே வெடித்துவிடும். இதையே மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பர். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்ற அடி அது.

இனி நம் இளைஞனின் கதைக்கு வருவோம். கணினி, கிராங்கின் நிலையை அதனுடன் சுழலும் பற்சக்கரம் ஒன்றைப் பார்த்து அறிகிறது. பல கார்களில் அச்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமுண்டு. அடையாளத்துக்காக அடுத்தடுத்த இரண்டு பற்களை விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியிலிருந்து எத்தனையாவது பல்லில் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வருகிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். இளைஞன் எண்ணியதில் ஒரு பல் பிசகிவிட்டது. ஒரு பல் என்றால் ஆறு பாகை. கணினியின் திரை 18 பாகை என்று காட்டியபோது, எஞ்சினில் பொறி 24 பாகையில் விழுந்தது. நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று வேகத்தில் ஆறு பாகை என்பது ஒரு விநாடியில் ஆறாயிரத்தில் ஒரு பங்குதான். எனினும் அவ்வளவு முந்தியதே போதுமானதாயிற்று.

மெதுவாக ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிறு காலையில் விரைவுச்சாலையில் டர்போ முழு அழுத்தம் தரும்படி மிதித்தான். சில நிமிடங்களில் பின்னால் நீலப்புகை எழுந்தது. பிரித்துப் பார்த்தபோது, மூன்றாவது பிஸ்டனில் வளையம் அமரும் விளிம்பு உடைந்து, சிலிண்டர்ச் சுவரையும் கீறியிருந்தது. இளைஞன் பேரேட்டின் எண்களையே ஐயுற்றான். இரவெல்லாம் அவற்றைத் திருத்திக்கொண்டிருந்தான். எண்களில் குற்றமில்லை, அவை எங்கிருந்து எண்ணப்பட்டன என்பதிலேதான் குற்றம்.

அந்நாளில் ஒரு மாலை நாம் அவ்வில்லத்துக்குச் சென்றிருந்தோம். கூடத்து மேசையில் உடைந்த பிஸ்டன் ஒரு தட்டில் கிடந்தது. தந்தை அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாள்கள் பல கழித்து அன்றுதான் மகனிடம் வாய் திறந்தார்.

“ஏந் தம்பி, டைமிங் லைட் வெச்சுப் பார்த்தியா?”

“இதெல்லாம் கம்ப்யூட்டருங்கப்பா. திரையிலேயே தெரியுமுங்க.”

“திரை சொல்றது சரிதானான்னு எஞ்சினைக் கேட்டியா?”

மகன் பதில் சொல்லவில்லை. தந்தை பரணிலிருந்து ஒரு துணிப்பொதியை இறக்கச் சொன்னார். உள்ளே அவர் தொழிற்சாலை நாட்களில் வாங்கிய டைமிங் விளக்கு இருந்தது. முதல் சிலிண்டரின் பொறி தட்டும்போதெல்லாம் இவ்விளக்கு மின்னும். அவ்வொளியில், சுழலும் கப்பியின் மேலுள்ள கோடு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். பொறி எந்தப் பாகையில் விழுகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். டிஸ்ட்ரிபியூட்டர்க் காலத்துக் கருவியாயினும், புதிய கணினிக்கும் இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

எஞ்சினைச் செப்பனிட்ட பிறகு, இருவரும் சேர்ந்து வேலையை முதலிலிருந்து தொடங்கினர். அவர்கள் கையாண்ட ஒழுங்கைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, ஒயரிங். சென்சார்களின் எர்த் இணைப்புகள் கணினிக்கே திரும்ப வேண்டும்; கணினியின் எர்த் எஞ்சின் பிளாக்கில் உறுதியாக நிற்க வேண்டும். கண்ட இடத்தில் கொடுத்த எர்த்தினால் சென்சார்கள் பொய் சொல்லும்.

இரண்டாவது, சென்சார்களைச் சோதித்தல். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், அழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடற்கரையில் அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். கடல் மட்டத்துக்கு 560 மீட்டர் மேலுள்ள புனேயில் ஏறத்தாழ 95. இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் நீரின் வெப்பமும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க வேண்டும்.

மூன்றாவது, டைமிங். இன்ஜெக்டர்களின் இணைப்பை நீக்கி, பொறியைப் பத்துப் பாகையில் நிறுத்தி வைக்குமாறு கணினிக்கு ஆணையிட்டு, ஸ்டார்ட்டரால் சுழற்றி, விளக்கின் ஒளியில் பார்த்தனர். கப்பி பதினாறு என்றது. ஒரு பல்! மகன் எண்ணைத் திருத்தினான். கோடு பத்தில் வந்து நின்றது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்பும் மறுமுறை பார்த்து உறுதி செய்துகொண்டனர்.

நான்காவது, பெட்ரோல் கணக்கு. புகைக்குழாயில் அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் ஒன்றைப் பொருத்தி, சுமையற்ற நிலையிலிருந்து கட்டம் கட்டமாக நிரப்பினர். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக்கணக்கில் முழுமையாக எரியும் அளவு. டர்போவின் அழுத்தம் ஏறும்போது அது போதாது. சிலிண்டரின் சூடு தணியப் பெட்ரோலைக் கூட்டி, பன்னிரண்டுக்கு ஒன்று அல்லது சற்றுக் கீழே வைப்பதே வழக்கம்.

இங்கே இக்காலத்துச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் பங்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அத்தகைய பெட்ரோலுக்கு முழுமையாக எரியும் அளவு ஏறத்தாழ 13.5. எனவே கலப்பில்லாத பெட்ரோலுக்கு எழுதிய பழைய பேரேட்டை அப்படியே நகலெடுத்தால், எஞ்சினுக்கு ஏழெட்டு விழுக்காடு பெட்ரோல் குறைவாகவே கிடைக்கும். பிறருடைய பேரேடு நமக்கு ஆகாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஐந்தாவதாகத்தான் சக்தி. இதைச் சாலையில் செய்யவில்லை. சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றிச் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் உள்ள தொழிற்கூடத்தில் செய்தனர். டர்போவின் அழுத்தத்தை மிகக் குறைவாக வைத்து, பொறியைப் பிந்த வைத்து, ஒரு முறைக்கு ஒரு பாகை வீதம் முன்னே கொண்டுவந்தனர். அழுத்தம் எல்லை மீறினாலோ பெட்ரோல் குறைந்தாலோ எஞ்சினை அடக்கும் காவல் எண்களையும் முன்கூட்டியே எழுதி வைத்தனர். எஞ்சின் பிளாக்கில் ஒரு சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, அதன் ஒலியைக் காதணியில் கேட்டுக்கொண்டு தந்தை பக்கத்தில் நின்றார். நாக்கிங்கின் மெல்லிய ‘டிக்’ ஒலியை அவருடைய செவி உடனே இனங்கண்டது. அவர் கையை உயர்த்தினால் மகன் நிறுத்துவான். பாகையைக் கூட்டியும் சக்தி கூடாத இடத்தில், “போதும் தம்பி” என்றார். மகனும் மறுக்கவில்லை.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். ஆகவே அன்றாடம் அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் போகும் காரில் இவ்வேலையைச் செய்ய வேண்டா என்பதே நம் கருத்து. வேகத்தில் ஆசையுள்ளவர்களுக்குப் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும், டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவிலும் உள்ளவை நாடறிந்தவை. நம் இளைஞனின் காரும் இப்போது சாலையில் ஓடுவதில்லை. லாரியில் ஏறித் தடத்துக்குச் சென்று திரும்புகிறது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளின் தொழில் நமக்கு விளங்காதது என்று ஒதுங்கிவிடாதீர்கள். பெயர்கள் மாறியிருக்கின்றன, எஞ்சினுக்குள் எரியும் நெருப்பு பழைய நெருப்புத்தான். நீங்கள் கற்ற ஒரு கேள்வி அவர்களுக்கு இன்றும் தேவைப்படலாம். இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். திரையில் தெரியும் எண்ணை நம்புமுன், அதை எஞ்சினிடமே ஒருமுறை அளந்து பாருங்கள். அளக்கத் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

அண்மையில் அவ்வில்லத்துக்கு மீண்டும் சென்றோம். டைமிங் விளக்கு பரணுக்குத் திரும்பவில்லை. மகனுடைய மேசையில், மடிக்கணினியின் பக்கத்தில் இருந்தது. உணவு வேளையில் இருவரும் இன்ஜெக்டர்களைப் பற்றி உரக்க வாதிட்டுக்கொண்டிருந்தனர். “சாப்பாடு ஆறுதுங்க” என்று அம்மையார் மும்முறை சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த திங்கள், மழைக்காலத்தில் வீட்டு மின்சாரத்துக்குச் செய்துகொள்ள வேண்டிய எர்த் பாதுகாப்பைப் பற்றி எழுதுவோம்.