குழாய்க்குள்ள தண்ணி நிண்டால் மெஷினைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைக்கிறதா?

கொஞ்சம் நீளமான பதிவு. குறட்டைக்கு மாஸ்க் போட்டுப் படுக்கிற ஆள் உங்கட வீட்டில இருந்தால் கடைசிவரைக்கும் வாசிங்க.

நாங்கள் அறிய, களுவாஞ்சிக்குடிக்கும் மருதமுனைக்கும் இடையில மட்டும் நாலு சீபாப் மெஷின் அலுமாரிக்கு மேல தூசு பிடிச்சுக் கிடக்குது. நாலு வீட்டிலயும் ஒரே காரணம்: "தண்ணி வருது." நடுச்சாமத்தில குழாய் களகள எண்டு கொதிக்கிற மாதிரிச் சத்தம், பிறகு மூக்கில சில்லெண்டு ஒரு சொட்டு. அடுத்த நாள் திண்ணையில ஒருவர் தீர்ப்புச் சொல்லுவார்: "அது குளிர் நாட்டு மெஷின், எங்களுக்குச் சரிவராது. நெஞ்சுக்குள்ள தண்ணி போய் நியூமோனியா வரும்."

இந்தத் தீர்ப்புக்கு எதிராகத்தான் எழுதுறோம்.

எங்கட வாப்பாவும் மூன்றே கிழமையில மாஸ்க்கைக் கழற்றி எறிஞ்சவர்தான். வாப்பா வேன் ஓடுறவர். மெஷின் வர முந்தி ஒருநாள் கோட்டைக்கல்லாறுப் பாலத்துக்குக் கிட்ட ஸ்டியரிங்கில கண் அயர்ந்து, அல்லாஹ் காப்பாற்றினான். நித்திரையில மணிக்குப் பத்து முப்பது தடவை மூச்சு நிண்டு நிண்டு வாற மனுசனுக்குப் பகலில தூக்கம் வராமல் என்ன செய்யும்? பிரஷர் ஏறுறதும் இருதயம் களைக்கிறதும் அதே கணக்கில்தான். குறட்டையை வைத்துப் பகிடி பண்ணுறவர்களுக்கு இது தெரிய வேணும்.

மெஷின் விற்றவர் எங்களுக்குச் சொல்லித்தந்தது பட்டி கட்டுற விதம் மட்டும். ஹியூமிடிஃபயர் எண்டு ஒரு தண்ணித் தட்டு இருக்கு, அதைக் கூட்டிக் குறைக்கலாம் எண்டு ஒரு சொல் சொல்லவில்லை. லட்சக்கணக்கில காசு வாங்கினவருக்குப் பத்து நிமிசம் இல்லை.

விசயம் ஒண்டுமில்லை, நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒடுங்கல்தான். ஐஸ் போட்ட கிளாசுக்கு வெளியில வேர்க்குதே, அதே சங்கதி குழாய்க்கு உள்ளுக்க நடக்குது. 30 பாகை செல்சியசில ஒரு கன மீற்றர் காற்று கிட்டத்தட்ட 30 கிராம் நீராவியைத் தாங்கும். 22 பாகைக்கு இறங்கினால் 19 கிராம்தான். தட்டில சூடேறி ஈரம் நிறைஞ்சு வாற காற்று ஏசி அறையில குளிர்ந்த குழாயைத் தொட்டால் மிச்சம் 11 கிராமும் எங்க போறது? ஒரு இரவுக்குப் பத்துக் கன மீற்றருக்கும் மேல காற்று அந்தக் குழாயால போகுது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. ஏசி இல்லாத வீட்டிலயும் மாரி காலத்தில சுபஹு பாங்குக்கு முன்னாடிக் குளிர் இறங்குற நேரம், ஃபேனும் குழாய்க்கு நேர சுத்தினால் இதேதான்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில நாங்கள். காற்றில ஈரத்துக்குப் பஞ்சமா? வறண்ட குளிர் தேசத்துக்கு எண்டு வைத்த அளவில தட்டைச் சூடாக்கினால் மழை பெய்யாமல் என்ன செய்யும்! வாப்பாவுக்கு நாங்கள் செய்தது, அந்த அளவை ஒவ்வொரு இரவும் ஒரு படி குறைத்தது. மூக்கு காய்ந்தால் ஒரு படி கூட்டினோம். (காற்றழுத்தம் வேறு விசயம். அதில டொக்டர் சொல்லாமல் கை வைக்காதீங்க.) மெஷினைக் கட்டிலை விடப் பதிவான ஸ்டூலில வைத்தோம், படிகிற தண்ணி முகத்துக்கு வராமல் தட்டுக்கே திரும்ப ஓடும். உம்மா பழைய சாரத்தைக் கிழித்துக் குழாய்க்கு உறை தைத்தா. உள்ளுக்குச் சூட்டுக்கம்பி வைத்த குழாய் காசுக்குக் கிடைக்கும், ஆனால் எங்களுக்குச் சாரமே போதுமாயிருந்தது. ஏசி 22இல் இருந்து 26க்கு ஏறினது. களகள சத்தம் நிண்டுபோச்சு.

சுத்தமான தண்ணி ரெண்டு சொட்டு மூக்கில பட்டால் திடுக்கிட்டு எழும்புவோம், அவ்வளவுதான். அழுக்குத் தண்ணியும் கழுவாத குழாயும் எண்டால் கதை வேற. தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்து ஊற்றுறீங்களே, கொதித்தால் உப்பு போகுமா? தட்டில வெள்ளையாப் படிகிறது என்ன? காலையில மிச்சத் தண்ணியைக் கொட்டிவிட்டுத் தட்டைக் காய விடுங்க, குழாயைக் கழுவி நிழலில தொங்கவிடுங்க.

ஒரு வீட்டில மாஸ்க்கில இருக்கிற சின்ன ஓட்டைகளால காற்றுச் சீறுது, ஈரம் வருது எண்டு டேப் ஒட்டியிருந்ததைக் கண்டோம். தயவுசெய்து வேண்டாம்! நீங்கள் விடுற கெட்ட மூச்சு வெளியில போறதே அந்த ஓட்டைகளால்தான்.

அன்பளிப்புக் காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய மெஷினைக் கொண்டு வந்து கையில குடுத்துப் போட்டோ எடுக்கிறீங்க, நல்லது. கூடவே பாவிக்கிற விதத்தைச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளையும் கூட்டி வாங்க. 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களைத் திரும்ப அழைத்தது, சத்தம் குறைக்க உள்ளுக்கு வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சுக் காற்றில கலக்கலாம் எண்டு. சூடும் ஈரமும் அதை இன்னும் கெடுக்கும். வெளிநாட்டிலிருந்து கைமாறி வாற மெஷினின் இலக்கத்தைப் பார்க்காமல் ஒரு நோயாளியின் முகத்தில மாட்டுறது தர்மமா?

அலுமாரிக்கு மேல மெஷின் வைத்திருக்கிறவர்கள் இன்பொக்ஸ் பண்ணுங்க. ஞாயிறு பின்னேரம் நாங்கள் வந்து பார்க்கிறோம். பிளேன்டீ மட்டும் போதும்.