மேடைக்குப் பின்னால்

பரீட்சைக்கு உதவாத நூல் பயனற்ற நூல் என்னும் துணிபு ஆசிரியர்களாகிய எம்மிடையே வேரூன்றியுள்ளது. எனினும் அத்தகைய நாவலொன்றையே இவ்வாரம் மாணவருக்கும் பெற்றோருக்கும் பரிந்துரைக்க எண்ணுகின்றோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஸூஸன் காலின்ஸ் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்பதே அந்நூல். ஓரிரவு தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர் பங்குபற்றிய போட்டியையும் மற்றொன்றில் போர்க்காட்சியையும் அவர் கண்டாராம். இரண்டும் மனத்திற் கலந்து கதையாயின. கற்பனை நாடொன்றில் 24 சிறுவர் சிறுமியர் ஒருவரையொருவர் கொல்லும் போட்டியில் இறக்கப்படுகின்றனர். நாடே அதனைத் தொலைக்காட்சியிற் பார்க்கின்றது.

கொடிய கற்பனைதான். ஆயினும் எம் நெஞ்சில் நிலைத்தவை கொலைகள் அல்ல. கதைத் தலைவி காட்னிஸ் 16 வயதினள். நிலக்கரிச் சுரங்க விபத்தில் தந்தையைப் பறிகொடுத்தவள். களத்துக்கு அனுப்புமுன் அவளைக் குளிப்பாட்டி, உரோமம் களைந்து, உடை அணிவித்து, பேட்டியில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்றும் பயிற்றுகின்றனர். பார்ப்போர் மனமிரங்கினாலன்றி மருந்தும் உணவும் வந்து சேரா. ஆகவே காதலும் அவளுக்குக் கணக்காகி விடுகின்றது. எது தன் உள்ளம், எது நடிப்பு என்று அவளுக்கே தெளிவில்லை.

சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்கும் தூரம் அதிகமில்லை. 2023ஆம் ஆண்டில் ஸீ தமிழ் தொலைக்காட்சியின் ‘சரிகமப’ சிறுவர் பாட்டுப் போட்டியில் புசல்லாவைப் பகுதித் தோட்டச் சிறுமியொருத்தி பாடினாள். அப்போட்டியில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா முதலிடம் பெற்றார். நாமும் பார்த்தோம், பெருமிதங் கொண்டோம். ஆனால் எம் காதில் விழுந்த பேச்சுகளில் தோட்டச் சிறுமியின் குரல் சிறிது, அவள் வீட்டு வறுமை பெரிது. பாட்டைக் கேட்க வந்தோமா, லயத்தைப் பார்க்க வந்தோமா?

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் மேடையில் நிற்பவருக்கு, வளைந்து செல்லும் இருப்புப்பாதை தம் காலடியிலேயே சுரங்கவழியாகப் போவது புலப்படாது. பாட்டு மேடைக்கு அடியிலும் அவ்வாறு ஒரு பாதை உண்டு. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, கலைத்துறையில் ஈடுபடும் சிறுவரை நாளொன்றுக்கு 5 மணித்தியாலத்துக்கு மேலோ, ஓய்வின்றி 3 மணித்தியாலத்துக்கு மேலோ வேலை வாங்கலாகாது. வருமானத்தில் ஐந்திலொரு பங்கேனும் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பிலிடல் வேண்டும். நல்ல விதிகளே. ஆனால் போட்டியில் விலக்கப்பட்ட பிள்ளை ஊர் திரும்பி, பள்ளிக்கூட வாசலில் மீண்டும் கால்வைக்கும் நாளைப் பற்றி எந்த விதியும் பேசாது. அதனைச் சொல்லவல்லது கதையே. அக்கதையை எம் மாணவரே எழுதட்டும். அதற்குத் தோட்டத்துப் பிள்ளையைவிடத் தகுதியுடையார் யார்?

கொலைக் காட்சிகளை விரும்பாத பெற்றோர், காலின்ஸின் நூலில் முதற் பகுதியாகிய 9 அத்தியாயங்களை மாத்திரம் பிள்ளைகளுடன் சேர்ந்து வாசிக்கலாம். போட்டிக்களம் அதன் பின்னரே வருகின்றது.