உடல்நலப் பக்கம்: வளர்ந்தவர்களும் படுக்கையை நனைப்பதுண்டா?



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு விடயம் மட்டும் இருப்பதே இல்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று காதோடு கேட்கும் விடயம் அது. வளர்ந்தவர்கள் தூக்கத்தில் தம்மை அறியாமல் சிறுநீர் கழிப்பதைத்தான் சொல்கிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டமொன்றில் அப்படி என்னிடம் கேட்ட சகோதரிக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. 1983 கலவரத்தின் பின் பெற்றோரோடு வவுனியாவுக்குப் போனவர். 2009 இல் வன்னியில் கணவரை இழந்தார். முகாமில் இருந்துவிட்டு அண்ணனின் லயத்துக்கே திரும்பி வந்தார். "கக்கூசுக்குப் போற மாதிரி கனவு வரும் அக்கா, முழிச்சுப் பார்த்தா பாயெல்லாம் ஈரம்" என்றார். கொழும்பில் இருக்கும் மகள் கூப்பிட்டும், அங்கே ஓர் இரவு தங்க அவருக்குத் துணிவில்லை. ஷெல் சத்தத்தில் பயந்த கோளாறு என்று வீட்டார் சொல்லி, கையில் நூலும் கட்டிவிட்டிருந்தார்கள்.

தாகம் எப்படி என்று கேட்டேன். ஆறு மாதமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை என்றார். வைத்தியசாலையில் இரத்தம் சோதித்தபோது சீனி வருத்தம் என்று தெரிந்தது. மருந்தெடுத்துச் சீனி கட்டுப்பட்டதும் படுக்கை நனைவது குறைந்துவிட்டது. கெட்ட கனவு மட்டும் இன்னும் முற்றாகப் போகவில்லை. அதற்கு மனநலக் கிளினிக்குக்குப் போய்வருகிறார்.

யுத்தம் நம் உடலிலும் மனதிலும் எவ்வளவோ விட்டுப் போயிருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போட்டுவிட்டு, சோதிக்காமல் இருக்கக் கூடாது. இம்மாதம் நான் சொல்ல வந்தது இதுதான்.

ஏன் இப்படி நடக்கிறது?

வளர்ந்தவர்களில் நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்பிரச்சினை உண்டு. சிலருக்குச் சிறுவயதிலிருந்தே தொடரும். இடையில் புதிதாகத் தொடங்கினால் காரணம் தேட வேண்டும். சீனி வருத்தம், சிறுநீர்த் தொற்று, நாட்பட்ட மலச்சிக்கல், பல பிரசவங்களின் பின் அடித்தசைகள் தளர்வது, கர்ப்பப்பை இறக்கம், பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவது ஆகியவை காரணமாகலாம். தூக்க மாத்திரையும் சில மனநோய் மருந்துகளும்கூட இதை உண்டாக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த வைத்தியரிடம் சொல்லுங்கள். முதுகில் ஷெல் துண்டு பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கடும் பயமும் துக்கமும் தூக்கத்தைக் கெடுத்து இதற்கு வழிவிடுவதும் உண்மையே.

தோட்டத்தில் இன்னொன்றும் உண்டு. மலையில் மலசலகூடம் இல்லாததால் கொழுந்தெடுக்கும் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கிக்கொள்கிறார்கள். இதனால் தொற்று வர இடமுண்டு. மாலையில் லயத்துக்கு வந்து தண்ணீரும் தேநீருமாகக் குடிக்க, அவ்வளவும் இரவில் இறங்குகிறது. குளிரும் சிறுநீரைக் கூட்டும். இருட்டில் தூரத்துக் கக்கூசுக்குப் போகப் பயந்து படுத்தே கிடந்தால் என்ன ஆகும்?

நாமே செய்யக்கூடியவை

1. ஒரு வாரம் கொப்பியில் குறித்து வாருங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை தடவை போனீர்கள், எந்த இரவு நனைந்தது. வைத்தியருக்கு இது பெரிய உதவி.

2. தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். மலைக்குப் போகும்போதே போத்தலில் கொண்டுபோய்ப் பகலில் குடியுங்கள். படுக்கப் போவதற்கு இரண்டு மூன்று மணிநேரத்துக்கு முன் குடிப்பதைக் குறையுங்கள். மாலையில் கடுஞ்சாயத் தேநீரைத் தவிருங்கள். ஆனால் அடங்காத தாகம் இருந்தால் அடக்க வேண்டாம், முதலில் சீனியைச் சோதியுங்கள்.

3. படுக்கும் முன் சிறுநீர் கழித்து, சில நிமிடம் பொறுத்து மீண்டும் ஒரு தடவை முயலுங்கள். வெளியே போக முடியாவிட்டால் மூடியுள்ள வாளியொன்றை அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. அடித்தசைப் பயிற்சி: வாயுவை அடக்குவது போல் இறுக்கி, ஐந்து வரை எண்ணித் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குப் பத்து வீதம், நாளுக்கு மூன்று தடவை. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். கொழுந்தெடுத்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. 1948 இல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க வைத்தியர் இதை எழுதியதிலிருந்து உலகெங்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

5. மெத்தைக்கு மேல் ரப்பர் சீட்டோ தடித்த பொலித்தீனோ விரித்து, அதன் மேல் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போடுங்கள். நனைந்தால் உடனே கழுவித் துடையுங்கள். ஈரத்தோடு கிடந்தால் தோல் புண்ணாகும்.

எங்கே போவது?

35 வயது கடந்தவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. அங்கே சீனி, இரத்த அழுத்தம், கர்ப்பப்பை எல்லாவற்றையும் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் நாள் சொல்வார். கூச்சமாக இருந்தால் "இரவில் சிறுநீர் கட்டுப்படவில்லை" என்று துண்டில் எழுதிக் கொடுங்கள். மன வேதனைக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு இடுப்பு வலி, கால் மரத்துப்போவது அல்லது பலவீனம், சிறுநீர் போகவே முடியாமை இவற்றில் ஒன்றிருந்தாலும் கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல். பத்தடிக் காம்பராவில் ஒன்றாகப் படுக்கும் குடும்பத்தில் இதை ஒளிக்க முடியாது. ஏசினால் அவர் தூங்காமல் இருப்பார், களைத்து ஒருநாள் ஆழ்ந்து தூங்கும்போது மறுபடி நனையும். காலையில் ஒன்றும் பேசாமல் பாயை வெயிலில் போட்டு, கிளினிக் நாளன்று கூடப் போய் நின்றாலே போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.