மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலையா?

மூணாவது மாடி லேபுக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்குது. ஃபர்ஸ்ட் அவர்லயே கண்ணு சொருகுது. 'ஹீமோகுளோபின் கம்மியா இருக்கும்மா' என்று டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தருகிறார். மூணு மாசம் விடாமல் போட்டும் ரத்தம் ஏறவே இல்லை. 'ஹாஸ்டல்ல ஒழுங்கா சாப்பிட்டாத்தானே!' என்று வீட்டில் திட்டு வேறு!

அப்பா, அம்மா... ஒரு நிமிஷம். கோளாறு சாப்பாட்டில் இல்லாமல் இரைப்பையில் இருக்கலாம்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே, இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழிக்கிற வியாதி ஒன்று உண்டு. பெயர், ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ். வில்லங்கம் என்னன்னா, பல பேருக்கு வயிறு வலிக்கவே வலிக்காது. அமிலம் குறைந்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சுவதற்கான புரதத்தைத் தருவதும் இதே செல்கள்தான். ஈரலில் சில வருஷத்துக்கான பி12 ஸ்டாக் இருப்பதால், இள வயசில் பெரும்பாலும் முதலில் இரும்புதான் மாட்டும். பெண்கள் என்றால் பீரியட்ஸ் மேலேயும், சைவம் என்றால் சாப்பாட்டு மேலேயும் பழி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் புரதம் இருப்பது தெரிய வந்த கதை கொஞ்சம் 'உவ்வே' ரகம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க. அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர் வில்லியம் காஸில், கடும் ரத்தசோகை நோயாளிகளுக்கு மாட்டிறைச்சி கொடுத்துப் பார்த்தார். பலனில்லை. அதையே தான் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, ட்யூப் வழியாக அவர்களுக்குச் செலுத்தினார். ரத்தம் ஏறியது! 1929-ல் இதை வெளியிட்டார்.

இப்போது ரத்த டெஸ்ட்டே பாதி துப்பு கொடுத்துவிடும். ஃபெரிட்டின், பி12 அளவுகள், கூடவே பெரைட்டல் செல் ஆன்டிபாடி, இன்ட்ரின்ஸிக் ஃபேக்டர் ஆன்டிபாடி. ஆனால், ஆன்டிபாடி பாசிட்டிவ் என்பது மட்டும் முடிவு அல்ல. எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பையின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் தனித்தனியாகத் திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. ஹெச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆட்டோஇம்யூன் தைராய்டு, டைப் 1 சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

பாதம் மரத்துப்போகுதா, ஊசி குத்துற மாதிரி இருக்கா? தள்ளிப் போடாதீங்க. பி12 குறைந்தால் நரம்பு கெடும். அந்த நேரத்தில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் போட்டால் ரத்தம் தேறிய மாதிரி தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும். 'கேஸ் டிரபிள்' என்று மெடிக்கல் ஷாப்பில் அமிலம் குறைக்கிற மாத்திரை வாங்குவது இன்னும் காமெடி. குறைக்கிறதுக்கு அங்கே அமிலம் இருந்தால்தானே பாஸ்!

சிகிச்சையில் இரும்பை நரம்பு வழியாக ஏற்ற வேண்டி வரலாம். பி12-க்கு பெரும்பாலும் ஊசி. ஊசின்னா பயமா? காஸிலோட நோயாளிகளை ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க!