நாலு லிட்டர் ஜீப் இன்ஜினைக் கொன்றது யார்?

போன வாரம் வகுப்பில் ஒரு வாக்குவாதம். ஜீப்பின் நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினைப் பற்றிப் பேச்சு வந்தது. "பழைய டெக்னாலஜி மாப்ளே, அதான் தூக்கிட்டாங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டான் நண்பன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அங்கே விட்டதை இங்கே தொடர்கிறேன், அவனும் இதைப் படிப்பான் :-)

நம்ம ஊர் மஹிந்திரா ஜீப்களில் இருந்த இன்ஜின் இல்லை இது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து கெனோஷாவில் செய்தது. அமெரிக்கன் மோட்டார்ஸ் 1964-ல் கொண்டுவந்த 232 கன அங்குல இன்ஜின்தான் இதற்குத் தாத்தா. பிறகு 199, 1971-ல் 258. அந்த வழியில் 1987 மாடல் செரோக்கியில் வந்ததுதான் நம்ம ஆள்: 242 கன அங்குலம், 173 ஹெச்.பி. அதே வருஷம் கம்பெனியையே கிரைஸ்லர் வாங்கிவிட்டது. இன்ஜினை விட்டுவைத்தது மட்டுமில்லை, 1991-ல் 190 ஹெச்.பி.க்கு ஏற்றியும் விட்டது. கொஞ்சம் மாற்றங்கள் செய்தால் 258-ன் கிராங்க்ஷாஃப்ட் இதன் பிளாக்கில் உட்கார்ந்துவிடும். அப்படி 4.6 லிட்டர் வரை பெருக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இத்தனை உழைப்பு? கிராங்க்கைப் பாருங்கள். ஆறு சிலிண்டருக்கு ஏழு மெயின் பேரிங். ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் இரண்டு பக்கமும் தாங்கல் உண்டு. சாதாரண வி6-ல் நாலு பேரிங்தான், இரண்டு தாங்கலுக்கு நடுவே இரண்டு ராடு. தவிர, ஆறும் ஒரே வரிசையில் நிற்கும்போது அதிர்வுகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. டைமிங்குக்கு செயின், அறுந்துபோக ரப்பர் பெல்ட் கிடையாது.

குறையே இல்லையா? இருக்கிறது. பின் மெயின் சீலில் ஆயில் கசியும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரிசல் விடும். 2000, 2001 வாக்கில் வந்த '0331' எண் ஹெட், நடு சிலிண்டர்களுக்கு இடையே வெடிப்பதில் பேர் வாங்கியது. ஆனால் கவனியுங்கள், அது பழசு என்பதால் வந்த நோய் இல்லை. புதிதாக வார்த்த ஹெட்டில் வந்த நோய்.

இப்போது நண்பனின் தீர்ப்புக்கு வருவோம். 2006-ஓடு இதை நிறுத்திவிட்டு, 2007 ரேங்லரில் எதை வைத்தார்கள்? ஏதோ புதுயுக இன்ஜின் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மினிவேனில் 1994 மாடலிலிருந்து ஓடிக்கொண்டிருந்த 3.8 லிட்டர் வி6! அதுவும் புஷ்ராட், அதன் பிளாக்கும் வார்ப்பிரும்புதான். இதில் எங்கே சாமி புது டெக்னாலஜி?

202 ஹெச்.பி. என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். டார்க்? பழசு சுமார் 319 நியூட்டன் மீட்டர், புதுசு 321. பழசு அதை 3200 ஆர்.பி.எம்.மில் தந்தது, புதுசுக்கு 4000 வேண்டும். பாறை மேல் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். புது வண்டி எடையிலும் கூடுதல். போதாக்குறைக்கு, ஆயில் குடிக்கிறது என்ற புகார் வேறு.

நீள இன்ஜினை பானட்டுக்குள் அடக்குவது கஷ்டம், புகை விதிகளும் இறுகிக்கொண்டே வந்தன. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மினிவேன் லைனில் ஏற்கெனவே ஓடும் இன்ஜினையே இதிலும் போட்டால் செலவு மிச்சம் என்ற கணக்குதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அதைச் சொல்லிவிட்டுப் போகலாமே, பழசு என்று ஏன் பழி போட வேண்டும்? பழசு என்கிற அந்த ஒரே வரிசை ஆறு சிலிண்டருக்கு மெர்சிடிஸ் 2017-ல் திரும்பியது. ஜீப்பே 2022-ல் வேகனீருக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது.

கெனோஷா ஆலையை 2010-ல் மூடினார்கள். அந்த 3.8 ரேங்லரில் எத்தனை மாடல் வருஷம் தாங்கியது தெரியுமா? ஐந்து. 2012-ல் அதையும் தூக்கிவிட்டார்கள். நாலு லிட்டர் ஓடியது இருபது. மாப்ளே, இப்போ சொல்லு.